கடை திறக்கும் முன் அரை மணி

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாணய மாற்றுக் கடை ஒன்றில் எனக்கு வேலை. இரவில் இணையவழிப் பட்டப்படிப்பு. முதல் பருவத்தில் பாடக் காணொளிகளை இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டு, புரிந்துவிட்டது என்றே நம்பினேன். புள்ளியியலில் தோல்வி. கட்டிய பணமும் போச்சு.

இப்போது இரவுக்கு ஒரு காணொளிதான். மறுநாள் கடை திறக்கும் முன் அரை மணி, எதையும் பார்க்காமல், பழைய ரசீதுகளின் பின்புறம் நினைவிலிருப்பதை எழுதுகிறேன். எழுத வராத இடத்தை மட்டும் மதியம் திரும்பப் பார்க்கிறேன்.

பினாங்குக்கு இது புதிதல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கிவிட்டது. அன்று வேலை செய்துகொண்டே படித்தவர்களுக்கு நிறுத்தி நிறுத்திக் கேட்கக் காணொளி ஏது?

அதே பாடத்தை மீண்டும் எடுத்திருக்கிறேன். தேர்வுக்கு ஆறு வாரம். நிகழ்தகவு இன்னும் ரசீதில் முழுதாக வரவில்லை.