ஏட்டிலும் நிலத்திலும் ஒரே நோக்கு: பீட்ரிக்ஸ் பாட்டரின் படைப்பு வாழ்க்கை

முன்னுரை

சிறுவர் இலக்கிய வரலாற்றில் பீட்ரிக்ஸ் பாட்டர் (1866–1943) ஒரு முயலுக்கு நீலச் சட்டை அணிவித்தவராகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். அவருடைய பிற்கால வேளாண்மையும் ஆட்டு வளர்ப்பும் நிலக்காப்பும் எழுத்தை விட்டபின் மேற்கொண்ட தனி முயற்சிகளாகக் கருதப்படுவதுண்டு. இவ்விரு பகுதிகளும் ஒரே நோக்கின் இரு வெளிப்பாடுகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கூர்நோக்குப் பயிற்சி

இலண்டனின் தென் கென்சிங்டனில், பருத்தித் தொழிலால் செல்வம் பெற்ற குடும்பத்தில் பாட்டர் பிறந்தார். பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டாசிரியைகளிடமே பயின்றார். அவரும் தம்பி பெர்ட்ராமும் முயல், முள்ளெலி, வௌவால் முதலியவற்றை வளர்த்து, அவற்றின் உடலமைப்பை நுணுகி நோக்கி வரைந்தனர். கோடைக்காலங்கள் முதலில் ஸ்காட்லாந்திலும், 1882 முதல் பெரும்பாலும் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்திலும் கழிந்தன. 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் நிலக்காப்பு அமைப்பை நிறுவிய மூவருள் ஒருவரான ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற மதகுருவின் நட்பு அங்கேதான் வாய்த்தது.

1890களில் பாட்டர் காளான்களை ஆராய்ந்தார். அவற்றின் நுண்வித்துகள் முளைக்கும் முறை குறித்து அவர் எழுதிய கட்டுரை 1897இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. கழகக் கூட்டங்களில் பெண்களுக்கு அந்நாளில் இடமில்லாமையால், அதனை அவர் நேரில் வாசிக்க இயலவில்லை. பின்னர் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அச்சேறவும் இல்லை. அறிவியல் உலகின் கதவு அடைபட்டபோதும், அதற்கெனப் பழகிய கண்ணும் கையும் வீண்போகவில்லை. அவருடைய காளான் ஓவியங்கள் ஆம்பிள்சைடு நகரின் ஆர்மிட் நூலகத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

சிறுநூல்களின் தோற்றம்

1893 செப்டம்பர் 4 அன்று, தம் முன்னாள் ஆசிரியையின் மகனாகிய ஐந்து வயது நோயல் நோயுற்றிருந்தமையால், அவனுக்குப் படங்களுடன் கூடிய கடிதம் ஒன்றை எழுதினார். பீட்டர் என்னும் முயலின் கதை அதில்தான் பிறந்தது. பதிப்பகங்கள் பல மறுத்தபின், 1901 டிசம்பரில் தம் செலவிலேயே 250 படிகளை அச்சிட்டார். 1902இல் பிரெடரிக் வார்ன் பதிப்பகம் வண்ணப் பதிப்பை வெளியிட்டது. நூல் சிறுவர் கைக்கு அடங்கும் அளவில் இருத்தல் வேண்டும், விலை குறைந்திருத்தல் வேண்டும் என்பன அவர் உறுதியாக நின்ற கருத்துகள். இவ்வரிசையில் 23 சிறுநூல்கள் வெளிவந்தன.

இவற்றில் விலங்குகள் உடை அணிகின்றன. ஆனால் உடைக்குள் இருப்பது மெய்யான விலங்கின் உடலே. நிலமும் கற்பனையன்று. அணில் நட்கின் கதையில் டெர்வென்ட்வாட்டர் ஏரியும், டாம் என்னும் பூனைக்குட்டியின் கதையில் நியர் சாவ்ரி சிற்றூரின் ஹில் டாப் பண்ணையும் அடையாளம் காணத்தக்கவை. கிராமத்தின் கடுமையையும் அவர் மறைக்கவில்லை. பீட்டரின் தந்தை ஒரு தோட்டக்காரர் வீட்டில் உணவாகிப் போனவர். ஜெமிமா என்னும் வாத்தை நரியிடமிருந்து மீட்ட நாய்க்குட்டிகளே அதன் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. நாட்டுப்புறத்தின் மீது அவர் கொண்ட அன்பு, அதனை உள்ளவாறே அறிந்த அன்பாகும்.

நூல் வருவாயும் நிலமும்

1905இல் பெற்றோரின் எதிர்ப்பையும் மீறிப் பதிப்பாளர் நார்மன் வார்னை மணக்க இசைந்தார். ஒரு மாத காலத்துக்குள் நார்மன் மறைந்தார். அவ்வாண்டிலேயே, பெரிதும் நூல் வருவாயைக் கொண்டு, ஹில் டாப் பண்ணையை வாங்கினார். தொடர்ந்து நிலம் வாங்குவதில் துணைநின்ற வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை 1913இல் மணந்தார். அதன்பின் நூல்கள் அருகின, பண்ணைகள் பெருகின.

ஹெர்ட்விக் என்னும் உள்ளூர்ச் செம்மறியினத்தின் மீது அவர் காட்டிய அக்கறை தனியே கருதத்தக்கது. வேலியற்ற உயர்மலை மேய்ச்சலில் தன் மந்தைக்குரிய எல்லையைக் குட்டி தாயுடன் திரிந்தே அறிகிறது. மந்தையை விற்றுவிட்டால் அவ்வறிவும் உடன்போகும். புதிதாக வரும் ஆடுகள் எல்லையறியாது அலையும். எனவே நிலத்தோடு மந்தையும் நிலைத்திருத்தல் இன்றியமையாதது. தம் மலைப்பண்ணைகளில் தூய ஹெர்ட்விக் மந்தைகளே தொடர வேண்டுமென அவர் தம் விருப்பாவணத்தில் வகுத்தமைக்கு இதுவே பொருள்.

1930இல் மங்க் கோனிஸ்டன் பெருநிலம் துண்டுபடாதிருக்க அதனை முழுமையாக வாங்கி, ஏறத்தாழப் பாதியை வாங்கிய விலைக்கே நேஷனல் டிரஸ்டுக்கு அளித்தார். 1943 டிசம்பர் 22 அன்று அவர் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அவ்வமைப்புக்கு உரியதாயிற்று.

முடிவுரை

விலங்கையும் பறவையையும் மக்கள் தொழிலையும் ஒரு நிலத்தின் கருப்பொருள்களாக ஒருங்கே வைத்துக் காண்பது தமிழ்ப் பொருளிலக்கணம். பாட்டர் அதனை அறிந்தவரல்லர். எனினும் அவர் வாழ்க்கையை இரு கூறாகப் பிரிக்காமல் படிக்க அப்பார்வை உதவும். ஆயரும் மந்தையும் அகன்றபின் எஞ்சும் மலை, அவர் வரைந்த மலையாக இராது. 2017இல் ஏரி மாவட்டம் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. அதுவும் மக்கள் உழைப்பால் உருவான பண்பாட்டு நிலம் என்ற வகையிலேயே. சிறுவர் வாங்கிய சிறுநூல்களின் பணம் அந்நிலத்தில் ஒரு பகுதியை உழைப்போர் கையில் நிலைக்கச் செய்தது. அவருடைய நூல்களை ஆராய்வோர் அவர் பண்ணைகளின் வரலாற்றையும் உடன் கற்றல் வேண்டும்.