அடித்தால் தாண்டுமா குதிரை?

எங்கள் சிவகங்கைச் சீமையில் குதிரை என்றால் அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரைதான். புரவி எடுப்பு அன்றைக்கு வேளார் செய்து கொடுத்த குதிரையை ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போகும். வேலு நாச்சியார் குதிரை ஏறி வாள் சுழற்றினார், 1780-ல் சிவகங்கையை மீட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. உயிருள்ள குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்தது என் 36-வது வயதில், போன அரையாண்டு விடுமுறையில்தான். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டில் கணக்கில் 17 மார்க். நான் பத்தாவதோடு நின்றவள். இவளாவது படிக்க வேண்டுமே என்ற ஆத்திரத்தில், கையில் இருந்த கரண்டிக் காம்பாலேயே இரண்டு போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்தாலே அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும். "சாக்குச் சொல்றா" என்று அதற்கும் திட்டினேன்.

அந்த விடுமுறையில் பெங்களூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணன் மகள் அங்கே ஊருக்கு வெளியே ஒரு பள்ளியில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். "அத்தை, ஒரு நாள் முழுக்க வந்து பாருங்க" என்றாள். என் மகளையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே போனோம்.

பயிற்சி தரும் மாஸ்டர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் வேலூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் போனபோது லாயத்தில் ஒவ்வொரு குதிரையின் காலையும் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தார். சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறாராம். பிறகு குளம்பைத் தூக்கிக் கல், மண் எல்லாம் கிளறி எடுத்து, லாடம் ஆடுகிறதா என்று பார்த்தார். தீனி தின்ற குதிரையை உடனே ஓட்ட மாட்டார்களாம். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். நம் வீட்டுக் குழந்தைகளைக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து அனுப்புகிறோமா என்று தோன்றியது.

அவர் கற்றுத் தருவது 'ஈவென்டிங்' என்ற போட்டிக்கு. அதில் மூன்று பகுதி உண்டு. முதலில் சொன்னபடி அழகாக நடக்க வைப்பது. அடுத்தது 'கிராஸ் கன்ட்ரி', திறந்த வெளியில் தடைகளைத் தாண்டி ஓடுவது. கடைசியில் மைதானத்துக்குள் கட்டைகளைத் தாண்டுவது. மைதானத்துக் கட்டை, கால் பட்டால் கீழே விழுந்துவிடும். கிராஸ் கன்ட்ரியில் இருப்பது அடிமரம், பள்ளம், மண்மேடு, தண்ணீர்க் குட்டை. இவை அசையாது, தவறினால் விழுவது நாம்தான். அதனால் ஹெல்மெட்டும் நெஞ்சுக் கவசமும் இல்லாமல் யாரையும் ஏற விடுவதில்லை. ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடவும் கூடாதாம். வண்டி ஓட்டுகிற நம் வீட்டுக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

குதிரை ஏறும் முன்னால் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பாதையைக் கால்நடையாகச் சுற்றி வந்தார்கள். இரண்டு தடைகளுக்கு நடுவே அடி எண்ணினார்கள். மனிதரின் நாலு எட்டு, குதிரையின் ஒரு பாய்ச்சல் என்பது கணக்கு. ஒவ்வொரு தடைக்கும் வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளைக் கொடி. அந்த இரண்டுக்கும் நடுவேதான் தாண்ட வேண்டும்.

முதலில் முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னக் கட்டை. பிறகு கொஞ்சம் பெரியது. தண்ணீருக்குப் பயந்த ஓர் இளங்குதிரை குட்டைக் கரையிலேயே முரண்டு பிடித்தது. மாஸ்டர் ஒரு வயதான குதிரையை முன்னால் இறங்க விட்டார். அது நிதானமாக நடந்து அக்கரை ஏறியதும், இளங்குதிரையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்னால் இறங்கிவிட்டது.

அடுத்தது பள்ளம். அங்கேதான் என் அண்ணன் மகளின் குதிரை திடீரென்று நின்றுவிட்டது. இவள் சறுக்கிக் கீழே விழுந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. மாஸ்டர் ஓடிவந்து அவளைப் படுக்க வைத்தபடியே பெயர், கிழமை எல்லாம் கேட்டு, கழுத்து வலிக்கிறதா என்று விசாரித்த பிறகுதான் எழுந்திருக்க விட்டார். நல்லவேளை, புல் மேல் உட்கார்ந்த மாதிரி விழுந்ததால் தலையில் அடியில்லை. எழுந்தவள் கோபத்தில் சாட்டையை ஓங்கினாள்.

"நிறுத்தும்மா! அடிச்சா என்ன ஆகும் தெரியுமா? பள்ளத்தையும் அடியையும் ஒண்ணா ஞாபகம் வச்சுக்கும். அடுத்த தடவை பள்ளத்தைத் தூரத்துல பார்த்தாலே நின்னுடும்" என்றார்.

பிறகு சேணத்தைக் கழற்றி முதுகை அழுத்திப் பார்த்தார். காலைப் பார்த்தார். வாயைத் திறந்து கடிவாளம் குத்துகிறதா என்று பார்த்தார். நான் அருகில் போய், "பிடிவாதம்தானே சார்?" என்றேன்.

"பிடிவாதம்னு சொல்றது கடைசியில்தாம்மா. முதல்ல எங்கேயாவது வலிக்குதான்னு பார்க்கணும். அப்புறம் பயமா, கேட்டது புரியலையா, கண்ணுக்குத் தெரியலையான்னு பார்க்கணும். குதிரைக்குக் கண் பக்கவாட்டுல இருக்கு. நெத்திக்கு நேர் முன்னால இருக்கிறது அதுக்குத் தெரியாது. தடைக்கிட்ட வந்த கடைசி நேரத்துல, மேல உட்கார்ந்திருக்கிறவங்களை நம்பித்தான் தாண்டுது" என்றார்.

குதிரைக்கு வலி ஒன்றும் இல்லை. "நீ பள்ளத்துக்குள்ள பார்த்தே, அதுவும் பார்த்துச்சு. அக்கரையில இருக்கிற மரத்தைப் பார்த்துட்டு வா" என்று அவளிடம் சொன்னார். மறுபடியும் சின்னக் கட்டையில் இருந்து தொடங்கினார்கள். இரண்டு கட்டை தாண்டி, பிறகு பள்ளத்துக்கு வந்தபோது குதிரை பூப்போலத் தாண்டியது. உடனே கழுத்தைத் தட்டிக் கொடுத்து, "இன்னைக்கு இதோட போதும். நல்லா செஞ்ச இடத்துலதான் நிறுத்தணும்" என்றார். அதன் பிறகு மூச்சு ஆறும்வரை நடக்க வைத்து, தண்ணீர் ஊற்றித் துடைத்து, மறுபடியும் நாலு காலையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் லாயத்தில் கட்டினார்கள். வெயில் தாழ்ந்ததும் சின்னப் பிள்ளைகளை நீளக் கயிற்றில் கட்டிய குதிரையில் ஏற்றிச் சுற்றி வரச் செய்தார்.

மாஸ்டர் இன்னொரு சேதி சொன்னார். இந்த விளையாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில்தான் மோதுவார்களாம். ஒலிம்பிக்கில் இந்தப் போட்டிக்குள் பெண் நுழைந்தது 1964-ல், டோக்கியோவில். அமெரிக்காவின் லானா டு பான்ட் கிராஸ் கன்ட்ரியில் இரண்டு தடவை குதிரையோடு விழுந்து, குதிரையின் தாடை எலும்பு முறிந்தும், ஓட்டத்தை முடித்து அணிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைக்கச் செய்தார். இப்போது அப்படித் தொடர முடியாது. விழுந்தால் அதோடு வெளியேற வேண்டும். அதே டோக்கியோவில் 2021-ல் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி தனிநபர் தங்கம் வாங்கினார். இந்தப் பிரிவில் தனிநபர் தங்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான். அந்தப் போட்டியில் 23-வது இடம் பிடித்த நம் பெங்களூர் ஃபவாத் மிர்சாவுக்குப் பயிற்சி கொடுத்தவரும் ஒரு பெண்மணி, சாண்ட்ரா அவுஃபார்த். கேட்கவே பெருமையாக இருந்தது.

ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. 'வலியா, பயமா, புரியலையா, தெரியலையா?' இந்த நாலில் ஒன்றையாவது என் மகளிடம் கேட்டேனா? பக்கத்தில் படுத்திருந்தவளின் தலையைத் தடவி, "கணக்குல எதும்மா கஷ்டம்?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவள், "போர்டுல எழுதுறது தெரியலம்மா. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவேன், அதுக்குள்ள அழிச்சிடுறாங்க" என்றாள். "ஏன்டி சொல்லல?" என்றதற்கு, "கண்ணாடி வாங்கணும்னா செலவு, நீ திட்டுவே" என்றாள்.

சகோதரிகளே, கண் நோய் தீரணும் என்று எங்கெங்கிருந்தோ வந்து கும்பிடுகிற கண்ணாத்தாள் கோயில் இருக்கிற ஊர் எங்களுடையது. அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, கண் தெரியாத பிள்ளையை அடித்திருக்கிறேன்! ஊர் திரும்பியதும் மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டி, கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். ஆத்தா சந்நிதியில் நின்றபோது என் கண்தான் நிறைந்தது.

விட்டுப்போன பாடம் நிறைய இருந்தது. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், மாஸ்டர் சொன்ன மாதிரியே சின்னக் கட்டையில் தொடங்கினார். அதாவது ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கில் இருந்து. தினமும் சரியாகப் போட்ட கணக்கோடு நோட்டை மூடிவிடுவார். போன மாதப் பரீட்சையில் 38 மார்க். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் வயிற்று வலி போய்விட்டது.

பிள்ளைகள் முரண்டு பிடித்தால் கையை ஓங்கும் முன் ஒரு நிமிடம் நின்று காரணம் கேளுங்கள். நான் கேட்கத் தவறியதால்தான் சொல்கிறேன்.

- ஒரு வாசகி, நாட்டரசன்கோட்டை