சோழவரமும் ஓசூர் அணியும்

ஸ்பீடுவே என்று மேலைநாடுகளில் வழங்கும் பந்தயம், பிரேக் இல்லாத, ஒரே கியர் மட்டுமே கொண்ட மோட்டார் சைக்கிள்களை நீள்வட்டமான மண் தடத்தில் பின்சக்கரம் சறுக்கச் சறுக்க ஓட்டிச் செல்வதாகும். தமிழகத்தில் அந்த வகை வேரூன்றவில்லை. இங்கு நிலைபெற்றது, வளைவுகள் கொண்ட தார்ச்சாலையில் நடக்கும் பந்தயமே. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்டதும், பந்தயக்கார் வடிவமைப்பாளர் கரிவரதனின் நினைவைத் தாங்கியதுமான கரி மோட்டார் ஸ்பீடுவேயும், பெயர் எவ்வாறிருப்பினும், பல வளைவுகள் கொண்ட தார்த்தடமே.

இப்பந்தயத்தின் தொடக்கக் களம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே எஞ்சியிருக்க, 1953-இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதையே பந்தயத் தடமாக்கி ஆண்டுதோறும் போட்டிகளை நடத்தியது. வானூர்திக்கென்று போட்ட பாதை நீண்டும் நேராகவும் இருந்தமையால், வளைந்து செல்லும் திறமையைவிட எஞ்சினின் வலிமைக்கே அங்கு மதிப்பு மிகுதி. கார்களும் இருசக்கர வண்டிகளும் ஒரே விழாவில் ஓடியதைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது.

அக்காலத்தில்தான், 1982-இல், ஓசூரில் டி.வி.எஸ். 50 என்னும் சிறு மொபெட்டைச் செய்துவந்த நிறுவனம் டி.வி.எஸ். ரேசிங் என்ற அணியை அமைத்தது. பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றைக்கூட இன்னும் விற்காத நிறுவனம் பந்தய அணி வைத்தது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், உற்பத்தி வண்டியின் குறைகளைச் சாதாரணச் சாலையில் ஆண்டுக்கணக்கில் அறிவதைவிடப் பந்தயத்தில் ஒரே நாளில் அறிந்துவிடலாம் என்பதை எண்ணினால், அது விளம்பரச் செலவு மட்டுமன்று என்பது புலப்படும். 1984-இல் சுசுகியுடன் இணைந்து 100 சி.சி. வண்டியையும், 1993-இல் ஷோகனையும் அந்நிறுவனம் வெளியிட்டது. இவை டூ-ஸ்ட்ரோக் வகையின. அதாவது, பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் எரிபொருள் எரிந்து ஆற்றல் தருபவை. எடை குறைவு, பாய்ச்சல் மிகுதி, புகையும் மிகுதி.

சோழவரத்து ஓடுபாதை கிளப்பின் சொந்த நிலமன்று என்பதால், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 1990 வாக்கில் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட நிலையான தடத்தைக் கிளப் உருவாக்கியது. சோழவரத்தில் எஞ்சின் செய்த வேலையை இங்கு சட்டகமும் டயரும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வளைவுக்குள் எவ்வளவு தாமதமாகப் பிரேக் பிடிப்பது என்பதே வெற்றி தோல்வியைப் பெரிதும் தீர்மானித்தது. ஒரே மாதிரியான வண்டிகளை அனைவருக்கும் தந்து ஓட்டுநரின் திறனை மட்டும் ஒப்பிடும் ஒன்-மேக் போட்டியை 1994 முதல் டி.வி.எஸ். அணி நடத்திவருவதற்கு ஏற்ற களமாகவும் அத்தடம் அமைந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் மறைந்தபின், அப்பாச்சி என்னும் ஃபோர்-ஸ்ட்ரோக் வரிசை அவற்றின் இடத்தைப் பிடித்தது.

தார்த்தடத்தைத் தாண்டியும் இவ்வணி சென்றது. பிரான்சு நாட்டு ஷெர்கோ நிறுவனத்துடன் 2015 முதல் கூட்டுச் சேர்ந்து, பாலைவனத்தின் ஊடே இரு வாரம் நீளும் டக்கார் பந்தயத்தில் இறங்கியது. கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹாரித் நோவா, மண்மேடுகளில் தாவிச் செல்லும் சூப்பர்கிராஸில் தேசியப் பட்டங்கள் வென்றபின் இவ்வணிக்காக 2021-இல் டக்காரில் 20-ஆம் இடத்தையும், 2024-இல் 11-ஆம் இடத்தோடு ராலி 2 பிரிவின் முதலிடத்தையும் பெற்றார். அப்பிரிவை வென்ற முதல் இந்தியர் அவரே.

பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற கேரள எல்லையூர்களின் இளைஞருக்கு இச்செய்தி ஊக்கமளிக்கக்கூடும். எனினும், தார்த்தடப் பந்தயத்தைக் கற்க விழைபவர் தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளையைக் கடந்து செட்டிப்பாளையத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ செல்ல வேண்டியவராகவே இருக்கிறார், ஏனெனில் இத்தகைய நிலையான தடங்கள் நாடு முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவையே.