பெயர் சொல்லி அழைக்கும் வீடியோ

தெருவில் வளையல்காரர் வருகிறார். "வளையல், வளையல்" என்று கூவுகிறார். நமக்குக் காதில் விழுகிறது. ஆனாலும் கையில் இருக்கும் வேலையை விட்டு எழுந்து போவதில்லை.

மறுநாளும் அவர் வருகிறார். இந்த முறை நம் வாசலில் நிற்கிறார். "அம்மா, போன மாதம் உங்கள் மகளுக்குப் பச்சை வளையல் கேட்டீர்களே. அந்த அளவில் கொண்டு வந்திருக்கிறேன்" என்கிறார். உடனே எழுந்து போகிறோம்.

இரண்டு நாளும் வந்தவர் அதே வளையல்காரர்தான். வளையலும் அதேதான். பிறகு என்ன வித்தியாசம்? முதல் நாள் தெருவுக்குச் சொன்னார். மறுநாள் நமக்குச் சொன்னார்.

வியாபாரத்தில் இது பழைய வழி. இன்று இதே வழி செல்போனுக்குள் வந்திருக்கிறது. ஒருவருக்காகவே பேசி, ஒருவருக்கு மட்டும் அனுப்பும் சின்ன வீடியோ. பெரிய கம்பெனிகள் இதைச் செய்கின்றன. நாமும் செய்யலாம்.

எப்படி வந்தது இந்த வழி?

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்கியது. அதன் பிறகு நாடு முழுவதும் டேட்டா விலை மிகவும் குறைந்தது. கிராமத்திலும் வீடியோ பார்ப்பது எளிதானது. அதே 2016இல் யுபிஐ வந்தது. செல்போனிலேயே பணம் கொடுக்க, வாங்க முடிந்தது. 2018 ஜனவரியில் 'வாட்ஸ்அப் பிசினஸ்' இந்தியாவுக்கு வந்தது. இது சிறு வியாபாரிகளுக்கான இலவசச் செயலி. கடையின் பெயர், முகவரி, நேரம் ஆகியவற்றை இதில் போடலாம். பொருள்களின் படத்தையும் விலையையும் போட்டு வைக்கலாம்.

இப்போது பேச்சு, படம், பணம் மூன்றும் ஒரே கைக்குள் வந்துவிட்டன.

ஓர் எடுத்துக்காட்டு

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன தமிழர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தோல் பதனிடும் வேலைக்காகப் போனவர்கள் பலர். அங்குள்ள தமிழ்ப் பெண்கள் பலர் வீட்டிலேயே முறுக்கு சுட்டும் இட்லி அவித்தும் விற்கிறார்கள்.

அங்கே ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து முறுக்கு சுடுவதாக வைத்துக்கொள்வோம்.

தீபாவளி வருகிறது. அரிசியும் எண்ணெயும் வாங்கக் குழுவில் கடன் எடுக்க வேண்டும். எவ்வளவு வாங்குவது? அதிகம் சுட்டால் முறுக்கு மிஞ்சும், நமுத்துப் போகும். கடன் தலையில் நிற்கும். குறைவாகச் சுட்டால் வந்த ஆர்டர் கை நழுவும். எனவே அடுப்பு மூட்டும் முன்பே ஆர்டர் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு கடையாக நடக்கலாம். ஆனால் மாலையில் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. போனில் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார். வீடியோ அப்படி இல்லை. அது காத்திருக்கும். கூட்டம் குறைந்த பிறகு அவர் பார்த்துக்கொள்வார். முகமும் தெரியும், முறுக்கும் தெரியும்.

அவர்கள் மாட்டுங்காவில் உள்ள ஒரு கடைக்காரருக்கு இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் அண்ணாச்சி. தாராவியிலிருந்து பேசுகிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து முறுக்கு சுடுகிறோம். போன வாரம் உங்கள் கடைக்கு வந்தபோது நம்பர் கொடுத்தீர்கள். அப்போது இரண்டு பேர் கைமுறுக்கு கேட்டு, இல்லை என்று திரும்பிப் போனார்கள். இதோ, இது இன்று காலையில் சுட்டது. ஒடித்துக் காட்டுகிறேன், சத்தத்தைக் கேளுங்கள். கிலோ 320 ரூபாய். நாளைக்கு அரைக் கிலோ மாதிரி கொடுத்து விடட்டுமா? 'சரி' என்று மட்டும் போடுங்கள் அண்ணாச்சி."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்தப் பேச்சில் என்ன இருக்கிறது?

முதலில், யார் பேசுகிறார்கள் என்று சொன்னார்கள். இரண்டாவது, நம்பர் எப்படிக் கிடைத்தது என்று சொன்னார்கள். மூன்றாவது, அந்தக் கடைக்கு மட்டும் பொருந்தும் ஓர் உண்மையைச் சொன்னார்கள். நான்காவது, பொருளைக் காட்டி விலையைச் சொன்னார்கள். கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்.

இதில் மூன்றாவதுதான் உயிர். "அண்ணாச்சி" என்று எல்லாரையும் அழைக்கலாம். கைமுறுக்கு கேட்டு ஆள் திரும்பிப் போனதை எல்லாருக்கும் சொல்ல முடியாது. அதைக் கேட்டதும் கடைக்காரர், "இவர்கள் என் கடையைக் கவனித்திருக்கிறார்கள்" என்று நினைப்பார். வெறும் பெயர் போதாது. அவருக்குப் பயன்படும் உண்மை வேண்டும்.

செய்வது எப்படி?

1. முதலில் நோட்டில் எழுதுங்கள். கடையின் பெயர், கடைக்காரர் பெயர், அவருக்கு என்ன தேவை என்று மூன்று கட்டம் போடுங்கள். படித்த படிப்பு இங்கே கை கொடுக்கும்.

2. ஒரு நாளைக்கு ஐந்து பேர் போதும். ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஒருவருக்கும் சரியாகப் பேச முடியாது.

3. பகல் வெளிச்சத்தில் எடுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

4. மின்விசிறி, டி.வி., குக்கர் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனை வாய்க்குக் கொஞ்சம் அருகில் வையுங்கள்.

5. அவருடைய மொழியில் பேசுங்கள். கடைக்காரர் இந்திக்காரராகவோ மராத்திக்காரராகவோ இருந்தால், பள்ளிக்குப் போகும் மகளைப் பேசச் சொல்லலாம். நீங்கள் பக்கத்தில் இருந்து பொருளைக் காட்டுங்கள்.

6. அனுப்பும் முன் ஒரு முறை போட்டுப் பாருங்கள். பெயர் சரியா? ஆள் சரியா? ஒருவர் பெயரைச் சொல்லி எடுத்ததை இன்னொருவருக்கு அனுப்பினால் இருவரும் போய்விடுவார்கள்.

7. உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு செய்ய வேண்டும். அதில் 14 இலக்க எண் கிடைக்கும். அந்தச் சான்றையும் வீடியோவில் காட்டுங்கள்.

பிறர் அனுப்பிய வீடியோவை அப்படியே தள்ளி விடாதீர்கள். அதன் மேல் ஓர் அம்புக்குறி விழும். அது வேறு யாரோ எடுத்தது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

'பிராட்காஸ்ட்' என்ற வசதியும் உண்டு. ஒரே செய்தியை அதன் மூலம் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் அது போகும். விலை மாறியது, கடை விடுமுறை போன்ற பொதுச் செய்திக்கு அது நல்லது. புதியவரிடம் முதன்முதலாகப் பேச, தனி வீடியோதான் நல்லது.

காட்டியதையே கொடுக்க வேண்டும்

வீடியோவில் உங்கள் முகம் இருக்கிறது. உங்கள் குரல் இருக்கிறது. அது உங்கள் வாக்கு. காலையில் சுட்டதைக் காட்டிவிட்டு, போன வாரம் சுட்டதை அனுப்பினால் என்ன ஆகும்? கடைக்காரர் அந்த வீடியோவை மீண்டும் போட்டுப் பார்ப்பார். நீங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வீர்கள்.

வாடிக்கையாளரின் பெயரும் நம்பரும் உங்களை நம்பித் தந்தவை. அதைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். மக்களின் சொந்த விவரங்களைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. "இனி அனுப்ப வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இயந்திரம் பேசும் வீடியோ

2021 தீபாவளிக்கு கேட்பரி நிறுவனம் ஒரு விளம்பரம் செய்தது. நடிகர் ஷாருக் கான் அதில் வந்தார். மக்கள் வாழும் பகுதியில் உள்ள சிறு கடைகளின் பெயரை அவர் சொல்வதுபோல் இருந்தது. அத்தனை கடைப் பெயர்களையும் அவர் உட்கார்ந்து சொல்லவில்லை. கணினி அவருடைய முகத்தையும் குரலையும் வைத்து அப்படி உருவாக்கியது. கடைக்காரர்கள் தங்கள் கடைப் பெயரைப் போட்டுத் தங்களுக்கென்றே ஒரு விளம்பரத்தைச் செய்துகொள்ளவும் முடிந்தது.

நல்ல வேலைக்கு உதவிய அதே கருவி ஏமாற்றவும் உதவும். உங்கள் அண்ணன் குரலில், உங்கள் பெயரைச் சொல்லி, பணம் கேட்டு ஒரு வீடியோ வரலாம். பெயர் சொல்லிவிட்டார்கள் என்பதால் நம்பிவிடக் கூடாது. உங்களிடம் முன்பே இருக்கும் நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

விற்பவர்களை ஏமாற்றும் வழியும் உண்டு. ஒருவர் பெரிய ஆர்டர் தருவார். "முன்பணம் அனுப்புகிறேன். இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பார். போட்டால் உங்கள் பணம் போய்விடும். இதை மனத்தில் எழுதி வையுங்கள்: பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வாங்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

முதல் வீடியோ

முதல் முறை பேசும்போது கூச்சமாக இருக்கும். வார்த்தை தடுமாறும். பரவாயில்லை. சினிமாபோலப் பேச வேண்டியதில்லை. கடை வாசலில் நின்று எப்படிப் பேசுவீர்களோ, அப்படியே பேசுங்கள். ஐந்து பேருக்கு அனுப்பினால் ஒருவர் பதில் போடலாம். அந்த ஒருவருக்குச் சொன்ன நாளில், சொன்ன பொருளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த ஆர்டர் தானாக வரும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் குழு செய்யும் பொருள் எது? அதை வாங்கக்கூடிய மூன்று கடைகளின் பெயரை எழுதுங்கள்.

2. அந்தக் கடை ஒவ்வொன்றுக்கும் மட்டும் பொருந்தும் ஓர் உண்மையை எழுதுங்கள்.

3. பணம் வாங்கப் பின் நம்பர் கேட்டால் என்ன செய்வீர்கள்?