இறந்த பாக்டீரியா நுரையீரல் நோய்க்கு மருந்தாகுமா?

திருப்பரங்குன்றம் மலைமீதுள்ள சிக்கந்தர் பாதுஷா தர்காவுக்குப் படியேறும்போது எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும். சற்று இளைப்பாறினால் சரியாகிவிடும். ஆனால் வீட்டு மாடிப்படிக்கே மூச்சிரைத்து, கால் வீங்கி, மயக்கமும் வந்தால், ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும் நோயாகவும் இருக்கலாம். குழாய்கள் தடித்துக் குறுகுவதால் இதயத்தின் வலப்பக்கம் அளவுக்கு மீறி உழைத்துத் தளர்கிறது.

இந்நோயில் அழற்சிக்கும் பங்கு உண்டு. அதனால்தான், கொல்லப்பட்ட பாக்டீரியாவைச் செலுத்தி எதிர்ப்புச் சக்தியை நெறிப்படுத்த முடியுமா என்று விலங்குகளில் ஆராய்கிறார்கள். இறந்த பாக்டீரியா உடலில் பெருகாது. ஆனால் அதன் மேலுறையை எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கண்டு செயல்படும்.

சோதனை எலிக்கு இந்நோய் எப்படி வருகிறது? கிலுகிலுப்பை இனச் செடியிலுள்ள மோனோகுரோட்டலின் என்ற நச்சை ஒருமுறை ஊசியாகப் போடுகிறார்கள். சில வாரங்களில் நோய் வந்துவிடும். மனிதரிடமோ இது பெரும்பாலும் மெல்ல மெல்ல வளர்கிறது. எலியைத் தேற்றிய மருந்துகள் பல மனிதரிடம் பலிக்காமல் போனதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் உண்டு. டெல்லி தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் டாக்டர் ஜி.பி. தல்வார் குழுவினர், ‘மைக்கோபாக்டீரியம் டபிள்யூ’ என்ற பாக்டீரியாவைக் கொன்று தொழுநோய்த் தடுப்பூசி உருவாக்கினர். 1991இல் தொடங்கி, செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 1,71,000 பேரிடம் அதையும் வேறு மூன்று தடுப்பூசிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1998இல் முடிவு வெளியானது. தல்வாரின் தடுப்பூசி தந்த பாதுகாப்பு 25.7 சதவீதம். பிசிஜி மட்டும் தந்தது 34.1. பிசிஜியுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்தது 64. ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தந்த ஒன்று எவ்வளவு பயன்படும் என்பதை, மனிதரிடம் முறையாகச் சோதித்த பிறகே சொல்ல முடிந்தது.

ஆகவே சகோதர சகோதரிகளே, ‘எலிக்குக் குணமானது’ என்ற செய்தி கைபேசியில் வந்தால் மகிழ்வோம். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இந்நோய்க்கான மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. இந்நோயுள்ள பெண்களுக்குக் கர்ப்பமும் ஆபத்தானது. முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். காரணம் தெரியாத மூச்சிரைப்பு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அவர் சொன்னால் எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.