லாரி கேபினில் கரி அடுப்பு ஏன் கூடாது?

சிவகாசியில் அச்சான காலண்டர்கள் டிசம்பரில் லாரியேறி வடக்கே போகின்றன. விருதுநகர் வெயிலில் வளர்ந்த ஓட்டுநருக்கு டெல்லிக் குளிர் தாங்காது. அதற்காகக் கேபினில் கரி அடுப்பு மூட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுத்துவிடாதீர்கள்! கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூங்குபவர் தூக்கத்திலேயே மூர்ச்சையாகிவிடுவார்.

கேஸ் அடுப்பு? அதிலும் அந்த அபாயம் உண்டு. தவிர, 1 கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். குளிர்ந்த தகரத்தில் அது முத்துமுத்தாகக் கோத்து வழியும்.

பஸ்ஸை வீடாக்கி அதில் தூங்குபவர்களுக்கும் இதே சிக்கல்தான்; அவர்களில் பலர் டீசல் ஹீட்டரை நாடுவது இதனால்தான். அதில் டீசல் தனி அறைக்குள் எரிகிறது. எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வந்து, புகையாக வெளியிலேயே போகிறது. உள்ளே வருவது வெறும் சூடான காற்று. புகைக்குழாய் மூட்டுகளை மட்டும் அடிக்கடி பாருங்கள்.