சின்ன டிராக்டருக்குப் பின்னால் எதை மாட்டுவது?

ஒரு ஏக்கர் வயலில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 40,000 லிட்டர் வேண்டும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி ஆசிய நெல்வயல்களில், ஒரே வயலுக்குள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சராசரியாக 16 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. மேட்டில் நிற்கும் நாற்றும் நனைய வேண்டுமென்றால் வயல் முழுக்க 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை கூடுதலாகத் தண்ணீர் கட்டியாக வேண்டும். அதாவது ஏக்கருக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். பள்ளத்துப் பயிர் அதைக் கேட்கவே இல்லை. மேட்டுக்காக மோட்டார் ஓடுகிறது.

மினி டிராக்டர் வாங்கியவர்கள் உழவுக்கும் ரோட்டவேட்டருக்கும் அடுத்தபடியாகச் சமன் செய்யும் கருவியைத் தேடுவது இதனால்தான். கடைக்காரர் வெறும் பிளேடு, பெட்டி போன்ற பிளேடு, இரட்டை பிளேடு என்று வரிசையாகக் காட்டுவார். எல்லாமே மண்ணைச் சுரண்டும் இரும்புத் தகடுகள்தான். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது.

கருவியைப் பார்க்கும் முன் வண்டியைப் பார்க்க வேண்டும். டிராக்டரின் பின்பக்கம் கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு கம்பியும் கொண்ட மும்முனை இணைப்பை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் வடக்கு அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். ஃபோர்டு நிறுவனத்துடன் சேர்ந்து 1939-இல் அவர் வெளியிட்ட டிராக்டர் வழியாக அது பரவலானது. அதற்கு முன் சங்கிலியில் இழுத்த கலப்பை பாறையில் மாட்டினால், முன்சக்கரம் தூக்கி வண்டியே பின்னால் கவிழும் ஆபத்து இருந்தது. பெரும்பாலான டிராக்டர்களில் இந்த இணைப்பின் ஹைட்ராலிக், கருவியைத் தூக்க மட்டுமே செய்யும், கீழே அழுத்தாது. தகடு மண்ணுக்குள் இறங்குவது தன் எடையால்தான். ஆகவே காய்ந்து இறுகிய களிமண்ணில் எடை குறைந்த, மலிவான பிளேடு மேலாக வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகக் கனமானதாகப் பார்த்து வாங்கினால், சின்ன டிராக்டருக்கு அதைத் தூக்கும் பலம் இருக்க வேண்டும். விளம்பரத் தாளில் எழுதியிருக்கும் தூக்கும் திறன் பெரும்பாலும் கீழ்க் கைகளின் நுனியில் அளந்தது. கருவியின் பாரம் அதற்கும் பின்னால் தள்ளி நிற்பதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது.

வெறும் பின் பிளேடுதான் இருப்பதிலேயே எளிய கருவி. சாய்க்கலாம், கோணம் திருப்பலாம். வரப்போரம் மண்ணை ஒதுக்கவும், சிறு வாய்க்கால் இழுக்கவும், தோப்புப் பாதையில் கொட்டிய மண்ணைப் பரப்பவும் இது போதும். ஆனால் வயலை மட்டப்படுத்த இதை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். காரணம், தகடு பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சீசா பலகைபோல் பின்னால் தகடு எழும்பும். முன்சக்கரம் மேடேறினால் தகடு மண்ணில் குத்தும். ஓட்டுநர் லிவரை விடாமல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கைதேராதவர் ஓட்டினால், முன்பிருந்த ஒரு மேட்டுக்குப் பதில் வயல் முழுக்க அலை அலையாகப் பத்து மேடு கிடைக்கும்.

மண்ணை வெட்டி, அள்ளி, வேறிடத்தில் கொட்டுவதற்குப் பெட்டி வடிவப் பிளேடு ஏற்றது. இரு பக்கமும் தகடு அடைத்திருப்பதால் மண் சிதறாது. முன்னால் இருக்கும் கூரிய பற்களை இறக்கினால் இறுகிய நிலத்தைக் கிளறிக்கொடுக்கும். இதன் சூட்சுமமெல்லாம் மேலேயுள்ள டாப் லிங்க் கம்பியில் இருக்கிறது. அதைச் சுருக்கினால் பெட்டி முன்பக்கம் கவிழ்ந்து ஆழமாக வெட்டும். நீட்டினால் பின் விளிம்பு மண்ணைத் தடவிச் சமப்படுத்தும். ஒரே கருவியில் இரண்டு வேலை நடப்பதால், ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்கள் இதை வாங்குவதே சரி. கால் கன மீட்டர் மண் நிரம்பினாலே சுமார் 300 கிலோ ஆகிவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. 15 ஹெச்.பி. வண்டிக்கு அது சாதாரண இழுவை அல்ல. அரைப் பெட்டி மண்ணோடு பல நடை போவதே வண்டிக்கு நல்லது.

நீண்ட சட்டத்துக்குள் இரண்டு பிளேடுகளைப் பொருத்திய கருவி இன்னொரு வகை. பக்கச் சட்டங்கள் தரையில் படிந்து வருவதால் வண்டியின் குலுக்கல் தகடு வரை வருவதில்லை; மேட்டில் சுரண்டிய மண் தானாகப் பள்ளத்தில் விழும். சரளைப் பாதைக்கும் களத்துக்கும் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வயலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மண் கடத்த இது உதவாது.

எதை வாங்கினாலும் தகட்டின் அகலம் பின்சக்கரங்களின் வெளிவிளிம்பைத் தாண்டி இரு பக்கமும் நாலு விரலாவது நீள வேண்டும். இல்லையென்றால் சமன் செய்த மண்ணில் சக்கரத் தடம் மிஞ்சும்.

நெல் வயலில் கதை கொஞ்சம் மாறுகிறது. சேறடித்த வயலில் தண்ணீரே மட்டப்பலகை. எங்கே மேடு என்று அதுவே காட்டிவிடும். அங்கே பழைய பரம்பு பலகை, ரோட்டவேட்டருக்குப் பின்னால் ஓடி, இன்றும் தன் வேலையைச் செய்கிறது. எடை குறைந்த டிராக்டர் சேற்றில் அதிகம் புதையாது என்பது இங்கே மினி டிராக்டருக்குக் கிடைக்கும் அனுகூலம். ஆனால் பரம்பு மேலோட்டமான சேற்றைத்தான் நகர்த்தும். ஒரு சாண் உயரமுள்ள மேட்டை அதனால் கரைக்க முடியாது.

அதற்கு லேசர் லெவலர் வேண்டும். வரப்போரம் முக்காலியில் நிற்கும் கருவி லேசர் கதிரைச் சுழற்றிக்கொண்டே இருக்க, இழுபெட்டியின் மேல் கம்பத்திலுள்ள உணர்கருவி அதைப் பிடித்து, ஹைட்ராலிக் வால்வு மூலம் பெட்டியைத் தானே ஏற்றி இறக்குகிறது. ஓட்டுநர் வண்டியைத் திருப்பினால் போதும். ஓரிரண்டு சென்டிமீட்டருக்குள் மட்டம் வந்துவிடும். திருந்திய நெல் சாகுபடியில் 2.5 சென்டிமீட்டர் மட்டும் தண்ணீர் கட்டச் சொல்வதற்கு இப்படிப்பட்ட வயல்தான் ஒத்துவரும். லேசர் லெவலர் இந்தியாவில் 2001-இல் மேற்கு உத்தரப்பிரதேசத்தில் அறிமுகமாகி, பிறகு பஞ்சாப், ஹரியானாவில் பரவியது. அங்கேயும் சிறு விவசாயிகள் இதைச் சொந்தமாக வாங்கவில்லை. மணிக்கணக்கு வாடகைக்கே எடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டுச் சிறு விவசாயிக்கும் அந்த வழிதான் லாபம். வழக்கமான லேசர் பெட்டியை இழுக்க 50 ஹெச்.பி. அளவுள்ள டிராக்டர் வேண்டும். மினி டிராக்டருக்கு அது கட்டுப்படியாகாது. ஒருமுறை மட்டப்படுத்திய வயல் சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் தினமும் தேவைப்படும் கருவியும் அல்ல. வேளாண்மைப் பொறியியல் துறையும் தனியார் மையங்களும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகின்றன. லேசர் லெவலர் அருகில் எங்கே கிடைக்கும் என்று துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். டெல்டாவில் மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன், கோடையில் நிலம் காய்ந்து கிடக்கும்போதே இந்த வேலையை முடிக்க வேண்டும். மேடு வெட்டிய இடத்தில் மேல்மண் போய்விடுவதால் முதல் போகத்தில் பயிர் சற்று சோர்ந்திருக்கும். அங்கே மட்டும் தொழுவுரத்தைக் கூட்டிப் போட வேண்டும்.

சொந்தமாக வாங்குவது பெட்டி பிளேடுதான் என்று முடிவானால், பணம் கட்டும் முன் அதைத் தன் வண்டியிலேயே மாட்டி, முழு உயரத்துக்குத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி கொடுக்காவிட்டால், முன்பக்க எடைக்கட்டிகள் பொருத்த வேண்டும், அல்லது அடுத்த சிறிய அளவைக் கேட்க வேண்டும்.